ட்ரில்லில் பூட்டும் ஐஸ் ஓகர்: 293 டொலர் எப்படி 1,100 டொலரைத் தாண்டியது

பின்னணி

ஒன்ராறியோவில் ஐஸ் மீன்பிடிக்கு, அதாவது உறைந்த ஏரியில் ஓட்டை போட்டுத் தூண்டில் போடுவதற்கு, பேர்போன இடம் சிம்கோ ஏரி. ரொறன்ரோவில் இருந்து வடக்கே ஏறத்தாழ ஒரு மணி நேர ஓட்டம், 722 சதுர கிலோமீற்றர் பரப்பு. தெற்கு முனையில் இருக்கும் குடாவான குக்ஸ் பே ஆழம் குறைந்தது, முந்தி உறைவதும் அதுதான். மஞ்சள் பேர்ச் மீன் அங்கே கூட்டம் கூட்டமாகத் திரியும். மேற்கே பாரி நகரத்தடியில் உள்ள கெம்பன்ஃபெல்ட் பே நாற்பது மீற்றருக்கு மேல் ஆழம், உறைவது கடைசியில். ஸ்காபரோ, மார்க்கம் பக்கத்துத் தமிழர்கள் பலர் இப்போது குளிர்காலத்தில் அங்கே போய்வருகிறார்கள். அவர்களில் ஒரு குடும்பத்துக்கு நடந்ததைத்தான் இங்கே பதிவு செய்கிறேன். அவர்களோடு ஐஸில் நின்றவன் என்ற முறையிலும், அவர்களின் சம்மதத்தோடும் எழுதுகிறேன்.

மூன்று பேர். அறுபதைத் தாண்டிய மாமா, தொழிற்சாலை வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். வலது தோள்மூட்டில் தசைநார் கிழிந்து, சத்திரசிகிச்சை வேண்டாம் என்று உடற்பயிற்சியோடு சமாளித்துக்கொண்டிருப்பவர். அவருடைய தங்கையின் மகன் வீடுகளின் பேஸ்மென்ற் திருத்தும் வேலையைச் சொந்தமாகச் செய்கிறவர். மருமகனின் மனைவிதான் அந்தத் தொழிலின் வரவு செலவைப் பார்ப்பவர். அவர் மீன் பிடிக்க வருவதில்லை. ஆனால் இந்தக் கதையில் சரியான கேள்வி எல்லாம் அவர் கேட்டதுதான்.

இவர்களிடம் ஸ்னோமொபில் இல்லை. கரையில் காரை விட்டுவிட்டு, கூடாரம், கதிரை, சின்ன ஹீற்றர் எல்லாவற்றையும் ஸ்லெட்டில் ஏற்றி, ஒன்றரைக் கிலோமீற்றர் வரை இழுத்துக்கொண்டு நடப்பார்கள். மாமாவிடம் இருந்தது 6 அங்குலக் கை ஓகர், அதாவது ஐஸில் அந்த அகலத்துக்கு ஓட்டை போடும் சுருள் கருவி. ஒரு கையால் மேலே அமுக்கி, மறு கையால் சுற்ற வேண்டும். முப்பது சென்ரிமீற்றர் ஐஸ் என்றால் நல்ல தோள் உள்ளவருக்கே மூச்சு வாங்கும். மாமா மூன்று ஓட்டை போடுவார், பிறகு தோள் விடாது. அதிலேயே உட்கார்ந்துவிடுவார்.

பேர்ச் பிடிப்பவருக்கு இது சின்னக் குறை இல்லை. அந்த மீன் ஓரிடத்தில் நிற்காது. களைச்செடி முடியும் ஓரத்தைப் பிடித்து நகர்ந்துகொண்டே இருக்கும். ஓட்டைகளை வரிசையாகப் போட்டு, ஒன்றில் கடிக்காவிட்டால் அடுத்ததற்குப் போகிறவருக்குத்தான் வாளி நிரம்பும். ஒன்ராறியோவில் ஐஸ் மீன்பிடியில் ஆளுக்கு இரண்டு தூண்டில்தான், போட்ட தூண்டிலை விட்டு 60 மீற்றருக்கு மேல் விலகவும் கூடாது. ஓட்டைக்கு அப்படி ஒரு எண்ணிக்கை இல்லை. அதனால் விரைவாக ஓட்டை போடும் வசதிக்கு உண்மையான மதிப்பு உண்டு. மாமா ஆடம்பரத்துக்கு ஆசைப்பட்டார் என்று யாரும் நினைக்கக் கூடாது.

முன்னால் இருந்த வழிகள்

2023 இலையுதிர்காலத்தில் மூவரும் இருந்து கதைத்தபோது நாலு வழி இருந்தது.

பெற்றோல் ஓகர் 700 டொலர் அளவில். பதினாலு கிலோ பாரம், அதோடு எண்ணெய், புகை, குளிரில் இழுத்து இழுத்து ஸ்டார்ட் பண்ணும் கயிறு. அந்தத் தோளோடு இது சரிவராது என்று அன்றைக்கே தள்ளிவிட்டார்கள்.

சொந்த மோட்டாரும் பற்றரியும் உள்ள 8 அங்குல மின் ஓகர் 899 டொலர், வரியோடு 1,015.87. பாரம் எட்டுக் கிலோவுக்குக் கிட்ட. மாமாவின் கண் இதில்தான் இருந்தது.

மூன்றாவது, சாதாரண ட்ரில்லில் பூட்டும் இலேசான ஓகர். சுருள் பகுதி கடினமான பிளாஸ்ரிக், அடியில் மட்டும் உலோக பிளேட். 8 அங்குல ஓகர் இரண்டு கிலோவைச் சுற்றித்தான் வரும். ட்ரில்லையும் பற்றரியையும் சேர்த்தாலும் ஐந்து கிலோவுக்குள் அடங்கும். விலை 259 டொலர், 13 வீத வரியோடு 292.67.

கடைசி வழி, எதையும் வாங்காமல் வாடகைக் குடிலுக்குப் போவது. சிம்கோவில் குடில் நடத்துகிறவர்கள் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், ஓட்டை போட்டு வைத்த சூடான குடிலில் இறக்கிவிடுவார்கள். அப்போது ஆளுக்கு அறுபது எழுபது டொலர். குளிர்காலத்தில் இரண்டு மூன்று தடவை மட்டும் போகிறவருக்கு இதைவிட மலிவான வழி கிடையாது என்பது என் கருத்து. மாமா அப்படிப்பட்டவர் அல்ல. ஐஸ் தாங்குகிறது என்று தெரிந்தால் ஒவ்வொரு கிழமையும் போவார்.

மருமகன் ஒரே வசனத்தில் முடித்தார்: “மாமா, என்னட்டை ட்ரில் கிடக்குத்தானே, பிறகேன் ஆயிரம் டொலர்?”

இருக்கும் ட்ரில்லுக்குச் செலவு இல்லை என்று எல்லோரும் அந்த இடத்தில் ஏற்றுக்கொண்டார்கள். பின்னால் வந்த செலவெல்லாம் இந்த ஒரு அனுமானத்தில் இருந்து பிறந்ததுதான்.

ஒரு வருடம் பொறுத்தது

அந்த வருடமே வாங்கவில்லை. காரணம் மனைவி. எல் நினோ வருகிறது, குளிர் குறைவாக இருக்கலாம் என்ற செய்தியைப் பார்த்துவிட்டு, “ஐஸ் பிடிக்கட்டும், பிறகு பார்ப்பம்” என்றார்.

அது நல்ல முடிவு. 2023–24 குளிர்காலம் கனடாவில் பதிவான குளிர்காலங்களிலேயே வெப்பமானது. 2024 பெப்ரவரியில் பேரேரிகளின் ஐஸ் அந்தக் காலப் பகுதிக்கு இதுவரை காணாத அளவு குறைந்தது. சிம்கோவிலும் பல பகுதிகளில் நம்பி நடக்க ஐஸ் இல்லை. ஆயிரம் டொலர் சாமான் கராஜில் கிடந்திருக்கும். ஐஸ் மீன்பிடிச் சாமான் வாங்குகிறவர்கள் இப்போது இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்: ஐந்து வருடம் உழைக்கும் என்று விற்கப்படும் ஒன்றுக்கு ஐந்து குளிர்காலமும் வேலை கிடைக்கும் என்று நிச்சயம் இல்லை. மனைவி தன் கணக்கில் விலையை ஐந்தால் பிரிக்காமல் நாலால் பிரித்தார்.

2024 நவம்பர்: வாங்கியது

அடுத்த இலையுதிர்காலத்தில் 8 அங்குல ட்ரில் ஓகரை வாங்கினார்கள். 6 அங்குலமும் இருந்தது, முப்பது டொலர் குறைவு. ஆனால் பெரிய லேக் ட்ரௌட் மீன் மாட்டினால் சின்ன ஓட்டைக்குள்ளால் தலையைத் திருப்பி எடுப்பது கஷ்டம் என்று மாமா சொன்னார். சொன்னதில் பிழை இல்லை. ஆனால் அவர்கள் போவது பெரும்பாலும் பேர்ச்சுக்கு. பேர்ச்சுக்கு 6 அங்குலம் தாராளம்.

இரண்டு அங்குல வித்தியாசம் சின்னதாகத்தான் தெரியும். ஓட்டையின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தோடு கூடுவதால், 8 அங்குல ஓட்டைக்கு 6 அங்குலத்தைவிட 78 வீதம் அதிகமான ஐஸை வெட்ட வேண்டும். நாற்பது சென்ரிமீற்றர் தடிப்பில் 6 அங்குலத்துக்கு ஏழு லீற்றர் சொச்சம், 8 அங்குலத்துக்குக் கிட்டத்தட்ட பதின்மூன்று லீற்றர். அவ்வளவையும் வெட்டி மேலே தள்ளுவது அந்த ட்ரில்லும் பற்றரியும்தான்.

மருமகனின் ட்ரில் 18 வோல்ற், கைக்கடக்கமானது. மரத்துக்கும் தகட்டுக்கும் ஸ்குரூ முடுக்க அருமையான சாமான். அதன் முறுக்கு விசை, அதாவது சுற்றும் பலம், 500 அங்குல-பவுண்ட் அளவு. ஓகர் வந்த பெட்டியின் பக்கவாட்டில் 700க்குக் குறையாத ட்ரில் வேண்டும், பற்றரியின் கொள்ளளவு 5 அம்பியர் மணியாவது இருக்க வேண்டும் என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தது. அவரிடம் இருந்தவை 2 அம்பியர் மணிப் பற்றரி இரண்டும் 4 அம்பியர் மணிப் பற்றரி ஒன்றும். ட்ரில்லோடு வந்த பக்கக் கைபிடி வேலைத்தளத்தில் எப்போதோ தொலைந்துபோயிருந்தது.

ஐஸில் கண்டது

ஜனவரியில் எல்லாம் நன்றாகவே நடந்தது. குக்ஸ் பேயில் இருபது சென்ரிமீற்றர் சுத்தமான நீல ஐஸ். ட்ரில்லை அமுக்கியதும் பிளேட் வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. மாமா சின்னப் பிள்ளையைப்போலச் சிரித்தார். ஒரு காலையிலேயே பத்துக்கு மேல் ஓட்டை, அன்றைக்கு வாளி நிறையப் பேர்ச்.

இன்னொரு நன்மையும் கிடைத்தது. நடந்துபோகும் வழியில் அடிக்கடி நின்று ஐஸின் தடிப்பைப் பார்க்க அலுப்பே வரவில்லை. கை ஓகர் காலத்தில் மூன்று இடத்தில் பார்த்துவிட்டு, மிச்சத்தை நம்பி நடப்பார்கள். தனி ஆள் நடக்க நீல ஐஸ் குறைந்தது பத்து சென்ரிமீற்றர் வேண்டும். வெள்ளை ஐஸுக்கு அதில் பாதி உறுதிதான், ஆகவே இரட்டிப்புத் தடிப்பு வேண்டும். சாம்பல் நிறத்தில் ஈரமாக இருந்தால் ஏறவே கூடாது. ட்ரில் ஓகரின் மதிப்பில் பாதி இந்தச் சோதனை ஓட்டைகளில் இருக்கிறது என்பேன். விளம்பரத்தில் இதை யாரும் சொல்வதில்லை.

ஜனவரியின் சுகம் ஒரு தவறான நம்பிக்கையை விட்டுப்போனது. இருபது சென்ரிமீற்றரைக் கடந்த ட்ரில் நாற்பதையும் கடக்கும், ஓட்டையின் எண்ணிக்கைதான் பாதியாகும் என்று நினைத்தார்கள். அப்படி இல்லை. ஆழம் கூடக்கூட வெட்டிய ஐஸ்தூள் சுருளில் நிறைந்து, முழு உயரத்துக்கும் தூக்க வேண்டியிருக்கும். மோட்டார் ஓய்வில்லாமல் சூடாகும்.

2025 பெப்ரவரி நடுவில் ரொறன்ரோ வட்டாரத்தில் அடுத்தடுத்து ஸ்னோ கொட்டியது. அவ்வளவு ஸ்னோ ஏறினால் ஏரி ஐஸ் பாரத்தில் அமுங்கும். வெடிப்புகளால் தண்ணி மேலே வந்து ஸ்னோவை நனைக்கும், அது பாதி உறைந்து வெள்ளை ஐஸும் சேறுமாக நிற்கும். அதற்குப் பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மைனஸ் பன்னிரண்டில், நாற்பது சென்ரிமீற்றருக்கு மேல் தடித்த ஐஸில் நின்றோம்.

முதல் ஓட்டையிலேயே ட்ரில்லின் சத்தம் மாறிவிட்டது. வேகமாகச் சுற்றட்டும் என்று கியர் 2இல் இருந்தது. 1இல் போட்டிருந்தால் மெதுவாக, ஆனால் பலமாகச் சுற்றியிருக்கும். சின்னப் பற்றரி இரண்டும் நாலாவது ஓட்டைக்குள் தீர்ந்தன. இரவு முழுக்க அவை வேன் வண்டிக்குள் கிடந்தவை. லித்தியம் பற்றரி குளிர்ந்தால் உள்தடை கூடும். ட்ரில் ஒரேயடியாக நிறைய மின்சாரம் இழுக்கும்போது வோல்ற் விழுந்து, சக்தி மிச்சம் இருக்கும்போதே தன்னை நிறுத்திக்கொள்ளும்.

ஐந்தாவது ஓட்டையை மாமா போட்டார். பெரிய பற்றரி. அடி ஐஸை உடைத்து வெளியேறும் கணத்தில் பிளேட் ஓரத்தில் கொளுவியது. ஓகர் நின்றுவிட்டது, ட்ரில் நிற்கவில்லை. பக்கக் கைபிடி இல்லாததால் ட்ரில்லின் உடல் மாமாவின் கைக்குள்ளேயே திரும்பி, மணிக்கட்டை முறுக்கிக்கொண்டு போனது. கையுறைக்கு மேலால் மற்றக் கையால் மணிக்கட்டைப் பிடித்தபடி ஐஸில் முழங்காலில் இருந்தார். நல்லவேளை, முறிவு இல்லை. சுளுக்கு, மூன்று கிழமை கட்டுப் போட்டிருந்தார்.

மருமகன் ட்ரில்லை வாங்கி, இறுகிய ஓகரை முன்னும் பின்னுமாகச் சுற்றி எடுக்கப் பார்த்தார். ட்ரில்லின் பிடிவாயான சக்கின் தாடைகள் தளர்ந்து, ஓகரின் தண்டு உள்ளுக்குள் வழுக்கியது. திரும்ப இறுக்கினார், திரும்பவும் ட்ரிகரை அமுக்கினார். மோட்டாரின் காற்றுத் துவாரத்தால் எரிந்த வாசம் வந்தது. அத்தோடு அன்றைய மீன்பிடி முடிந்தது. ஓகர் பிளாஸ்ரிக் என்பதால் தண்ணியில் மிதக்கும், தொலையவில்லை. இரும்பு ஓகராக இருந்து, ஓட்டையைவிட அகலமான பாதுகாப்புத் தட்டும் இல்லாமல் சக் விட்டிருந்தால் நேரே அடிக்குப் போயிருக்கும்.

திங்கட்கிழமை

வேலைத்தளத்தில் ட்ரில் காலை பத்து மணி வரை ஓடியது. பிறகு நின்றுவிட்டது. இரண்டு உதவியாளர்கள் சும்மா நிற்க, மருமகன் கடைக்குப் போய்வந்தார். அரை நாள் வேலை போனது.

அன்று இரவு மனைவி கணக்கை எழுதிவிட்டு மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினார். கோபம் இல்லை, மாமாவின் மணிக்கட்டைப் பார்த்து வருத்தம்தான். ஆனால் சொல்ல வேண்டியதைச் சொன்னார்: “அது சும்மா கிடந்த ட்ரில் இல்லை மாமா. திங்கட்கிழமை அதாலைதான் எங்களுக்குச் சோறு.”

அவர் எழுதியது இதுதான். ஓகர் 292.67. பழுதான ட்ரில் இரண்டு வருடம் பழையது, பாதி விலையாக 100. அரை நாள் இழப்பு 180. ஐஸுக்கு ஏற்ற பலமான ட்ரில், 5 அம்பியர் மணிப் பற்றரி இரண்டு, சார்ஜர் சேர்ந்த பெட்டி 499, வரியோடு 563.87. மொத்தம் 1,136.54 டொலர்.

ஆயிரம் டொலர் எதற்கு என்று கேட்டுத் தள்ளிவைத்த மின் ஓகர் 1,015.87.

இரண்டாவது முடிவும் அதன் காரணங்களும்

இந்த இடத்தில் மாமா மனம் உடைந்து, எல்லாவற்றையும் விற்றுவிட்டு வாடகைக் குடிலுக்கே போகலாம் என்றார். மருமகன் மறுபக்கம் தாவி, அந்த மின் ஓகரையே வாங்குவோம் என்றார். பலமான ட்ரில் பெட்டியை இன்னும் வாங்கவில்லை, எழுதி மட்டும்தான் வைத்திருந்தார்கள். ஆகவே தெரிவு திறந்தே இருந்தது.

மனைவி செய்தது எனக்கு மிகவும் பிடித்தது. போன காசை ஒரு பக்கம் மூடி வைத்துவிட்டு, இனிப் போகப்போகும் காசை மட்டும் எடுத்தார். இனி மின் ஓகர் என்றால் 1,015.87, பலமான ட்ரில் என்றால் 563.87. 452 டொலர் வித்தியாசம். பழைய ஓகரை விற்றால் வித்தியாசம் கொஞ்சம் குறையும், ஆனால் முடிவு மாறாது. பாரமும் பார்த்தார்: ஒன்று எட்டுக் கிலோ, மற்றது ஐந்துக்குள். தோளை நினைத்துத் தொடங்கிய வேலை, தோளுக்குப் பாரமானதை ஏன் வாங்குவது? அதோடு ட்ரில் வருடம் முழுக்க மாமாவின் வீட்டு வேலைக்கும் உதவும். தனி மின் ஓகருக்கு ஏப்ரல் முதல் டிசம்பர் வரை வேலை இல்லை.

ட்ரில்லை வாங்கினார்கள். சில நிபந்தனைகளோடு. அது மாமாவின் பெயரில், மாமாவின் வீட்டில் இருக்கும், வேலைத்தளத்துக்குப் போகாது. வேலைத்தள ட்ரில் ஐஸுக்கு வராது. பக்கக் கைபிடி இல்லாமல் ஓகர் பூட்டக் கூடாது. கைபிடியை இடது கையால் பிடித்து, கையை நீட்டி, கால் இரண்டையும் அகட்டி நிற்க வேண்டும். கொளுவும்போது மோட்டாரைத் தானாக நிறுத்தும் வசதி புது ட்ரில்லில் இருந்தது. இது இல்லாத பலமான ட்ரில்லை மாமாவின் வயதில் உள்ளவருக்கு நான் பரிந்துரைக்கவே மாட்டேன். 500 அங்குல-பவுண்ட் திருகியது சுளுக்கு என்றால், 1,200இல் திருகுவது எலும்பு.

பின்னர் நடந்தது

மணிக்கட்டுக் கட்டு அவிழ்ந்தபின் மார்ச்சில் ஐஸ் இருந்த கொஞ்ச நாட்களில் திரும்பப் போனோம். பற்றரிகளை மாமா உள்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். ஓட்டை போடும் நேரத்துக்கு மட்டும் பூட்டுவது, முடிந்ததும் கழற்றித் திரும்பப் பைக்குள். கியர் 1. பாதி ஆழத்தில் ஒரு தடவை ஓகரை வெளியே இழுத்து, சேறையும் தூளையும் உதறிவிட்டுத் திரும்ப இறக்குவது. அடியை உடைக்கப் போகும்போது சத்தம் மாறும். அப்போது அமுக்குவதை விட்டு, ஓகரின் பாரத்திலேயே இறங்கவிடுவது. இப்படிச் செய்ததில் ஒரே பற்றரியில் பத்துக்கு மேல் ஓட்டை வந்தது. கொளுவல் ஒன்றும் இல்லை. போட்டதில் பெரும்பாதி மருமகன். மாமாவுக்கு அதில் இப்போது வெட்கமில்லை.

வீட்டுக்கு வந்ததும் பற்றரியை உடனே சார்ஜரில் போடுவதில்லை. பூச்சியத்துக்குக் கீழே குளிர்ந்த லித்தியம் பற்றரியைச் சார்ஜ் பண்ணினால் உள்ளே லித்தியம் படிந்து நிரந்தரமாகப் பழுதாகும். நல்ல சார்ஜர்கள் குளிர்ந்த பற்றரியை ஏற்காமல் நிற்கும், எல்லாச் சார்ஜரும் அப்படி இல்லை. அறைச் சூட்டுக்கு வரும் வரை பொறுப்பது காசு செலவில்லாத வேலை.

பருவத்தின் கடைசிப் பயணத்தில்தான் இந்தக் கணக்கை மாற்றிய விடயம் நடந்தது. பக்கத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒருவர் பழைய கை ஓகர் ஒன்றின் மேல் பாதியைக் கழற்றி, ஒரு சின்ன இணைப்புத் துண்டால் ட்ரில்லில் பூட்டியிருந்தார். அந்தத் துண்டு கடையில் 35 டொலர், வரியோடு 39.55. மாமாவிடம் கராஜில் கிடந்ததும் அதே மாதிரி 6 அங்குலக் கை ஓகர்தான்.

வாங்கிப் பார்த்தார்கள். கை ஓகரின் சீவும் பிளேட் ட்ரில்லின் வேகத்தில் மிக நன்றாக வெட்டியது, 78 வீதக் கூடுதல் ஐஸும் இல்லை. குறையும் உண்டு. அது இரும்பு, தாழும். அதனால் பாதுகாப்புத் தட்டைக் கூடவே வாங்கினார்கள். சீவும் பிளேட்டுக்கு மணல் ஆகாது, கரைக்குக் கிட்ட உள்ள அழுக்கு ஐஸில் ஒரு தடவை போட்டால் மழுங்கிவிடும். உறைந்த பழைய ஓட்டையைத் திரும்பத் திறக்கவும் அது சரியில்லை, கொளுவும். புதிய ஓட்டைக்கு மட்டும் என்றால் பேர்ச் பிடிக்க அதைவிட வேறு தேவையில்லை. 8 அங்குலம் இப்போது லேக் ட்ரௌட்டுக்குப் போகும் நாட்களுக்கு மட்டும்.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

தொடக்கத்துக்கே திரும்பப் போக முடிந்தால் 8 அங்குல ஓகர் வாங்கப்பட்டிருக்காது. இணைப்புத் துண்டு 39.55, தட்டு இருபது சொச்சம், பலமான ட்ரில் 563.87. வேலைத்தள ட்ரில் தப்பியிருக்கும், அரை நாளும் தப்பியிருக்கும். மொத்தம் 630 டொலருக்குள், நடந்ததில் பாதிக்குக் கொஞ்சம் மேல்.

ஓகரின் விலையைப் பார்க்கும் முன்னரே ட்ரில்லைப் பார்க்க வேண்டும். ட்ரில்லின் அடியில் உள்ள தகட்டிலோ அதன் கையேட்டிலோ முறுக்கு விசையைத் தேடிப் பார்த்து, ஓகர் கேட்பதோடு ஒப்பிடுவது ஐந்து நிமிட வேலை. அது போதாவிட்டால் ஓகரின் உண்மையான விலை ஓகரும் ட்ரில்லும் சேர்ந்ததுதான். அது போதுமாக இருந்து, அந்த ட்ரில் உங்கள் சாப்பாட்டுக்கு உழைக்கும் ட்ரில்லாகவும் இருந்தால், ஒரு நாள் வேலை நின்றால் எவ்வளவு போகும் என்பதையும் விலைச்சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

சோதனையையும் தடித்த ஐஸில் செய்ய வேண்டும். ஜனவரி ஐஸில் எல்லா ட்ரில்லும் ஓடும். சிம்கோவில் பெப்ரவரி ஐஸ் வரை பொறுத்து, திருப்பிக் கொடுக்கும் காலம் முடிவதற்குள் ஒரு தடவையாவது அதில் போட்டுப் பார்க்க முடியாது என்பது உண்மைதான். ஆகவே வாங்கும்போதே நாற்பது சென்ரிமீற்றரை நினைத்து வாங்க வேண்டும். மனிற்றோபாவில் வினிபெக் ஏரிக்குப் போகிறவர் என்றால் இந்தக் கணக்கே வேறு. அங்கே ஐஸ் ஒரு மீற்றரையும் தாண்டும். நீட்டுத் தண்டு வேண்டும், பற்றரியும் அதற்கேற்ப வேண்டும். அங்கே தனி மின் ஓகரோ பெற்றோல் ஓகரோ கொடுத்த காசுக்கு உழைக்கும்.

மனைவி வைத்த நிபந்தனைகள் இப்போதும் நடைமுறையில் உள்ளன. மாமாவின் ட்ரில்லில் பக்கக் கைபிடியைக் கழற்ற முடியாதபடி மருமகன் ஒரு கம்பிவளையம் போட்டுவிட்டார். கை ஓகரின் பழைய மேல்பிடியும் ஸ்லெட்டில் கூடவே வருகிறது, பற்றரி எல்லாம் தீர்ந்தாலும் கரைக்குத் திரும்பும் வழியில் ஐஸைச் சோதிக்க ஒரு வழி இருக்க வேண்டும் என்பதற்காக.